ரஹ்மத்தின் இடது கை

திருநெல்வேலிக்குப் பக்கத்தில் பேட்டையில் மாலை வகுப்பு நடக்கும் அறையின் சுவரில் நான் ஒரு படத்தை ஒட்டிக்கொண்டிருந்தேன். கறுப்பு வெள்ளைப் படம். ஐரோப்பாவில் வழவழப்பான தாளில் அச்சாகி விமானத்தில் வந்தது. எங்கள் சுவரோ தொட்டால் சுண்ணாம்பு உதிரும் சுவர். மைதாப் பசை காய்வதற்குள் நாலு மூலையையும் உள்ளங்கையால் அழுத்திவிட்டு, இரண்டு எட்டு பின்னால் போய் நின்று ரசித்தேன்.

படத்தில் இரண்டு சிறிய கைகள். மடியில் ஒரு சொளவு, அதாவது முறம். சொளவில் வெட்டிய இலை, புகையிலைத் தூள், நூல்கண்டு, ஓரமாக எண்ணிக் கட்டிய ஒரு பீடிக் கட்டு. முகம் கிடையாது. கழுத்துக்கு மேலே வராதபடி கவனமாக எடுத்த படம்.

வாசலில் சைக்கிள் நின்றது. அதே தெருவில் இருந்த பீடிக்கடையின் செக்கர் வந்திருந்தார். வீடுகளில் சுற்றிக் கொண்டுவரும் பீடியைப் பார்த்து, நல்லது எது, கழிவு எது என்று பிரிப்பவர். தெருவுக்கே அவர் 'செக்கர் அண்ணாச்சி'. வண்டியை விட்டு இறங்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, படமெல்லாம் ஒட்டுதாப்ல இருக்கு?"

"ஆமா அண்ணாச்சி. வெளிநாட்டுல போட்டது. நம்ம பேட்டையில எடுத்த படம்தான்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்க வேண்டாம். பெருமை வாயைச் சும்மா விடவில்லை.

அவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மூக்கு தாளில் இடிக்கிற தூரத்தில் நின்று பார்த்தார். கைகளை ஒரு தடவை பார்த்தார், பீடிக் கட்டை இரண்டு தடவை பார்த்தார்.

"இது மைதீன் பாத்து மவ சுத்துன கட்டுல்லா. ரஹ்மத்து. இடக்கைக்காரி."

அவ்வளவுதான் சொன்னார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். படத்தில் எங்கேயாவது முகம் தெரிகிறதா என்று நான் மறுபடியும் தேடினேன்.

யாரை அறுக்கப் போறா?

போன வாரம் இந்தத் தொடரில், எங்கள் சட்டக் கல்லூரி ஸ்டிரைக்கில் காலவரையின்றி மூடப்பட்டு நாங்கள் பெட்டியோடு துரத்தப்பட்ட கதையை எழுதியிருந்தேன். அப்புறம் என்ன செய்தீர்கள் என்று தென்காசியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அம்மா கையால் ஒரு வாரம் சாப்பிட்டேன். எட்டாவது நாள் பேராசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. திருநெல்வேலியில் குழந்தைகள் உரிமைக்காக வேலை செய்யும் ஒரு சிறு சங்கத்துக்கு வெளிநாட்டு மாணவி ஒருத்தி பயிற்சிக்கு வருகிறாள், அவளுக்கு மொழிபெயர்க்க ஒரு சட்ட மாணவி வேண்டும், உனக்கும் அது இன்டர்ன்ஷிப்பாக இருக்கும் என்று எழுதியிருந்தார்.

இன்டர்ன்ஷிப் என்ற சொல்லை எங்கள் வீட்டில் டாக்டர் படிப்போடு மட்டும்தான் கேட்டிருந்தோம். அப்பா பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடிதத்தைத் தன் சிநேகிதரிடம் காட்டினார். அந்த மாமா சத்தம் போட்டுச் சிரித்தார்.

"வே, வக்கீலுக்குப் படிக்குத பிள்ளைக்கு என்னவே ஹவுஸ் சர்ஜன்? யாரை அறுக்கப் போறா?"

அப்பா சிரிக்கவில்லை. "ஏட்டி கோமதி, பேட்டைக்கெல்லாம் போணுமாமே," என்றார். எங்கள் வீடு டவுணில், ரத வீதிக்குப் பின்னால். அங்கிருந்து பேட்டை டவுண் பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். ஆனாலும் எங்கள் வீட்டில் யாரும் அந்த ஊரில் இறங்கியதில்லை. பஸ் ஜன்னல் வழியாகத் தெரிகிற பட்டறைகளும் பள்ளிவாசலும்தான் எங்களுக்குப் பேட்டை.

இதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் என்னை அந்த மண்ணின் ஆளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்ரிட்

இங்ரிட் ஸ்வீடன்காரி. அவளும் சட்ட மாணவி, என்னைவிட ஒரு வயது மூத்தவள். நல்ல உயரம். சங்கத்தின் மாடி அறையில் தங்கியிருந்தாள். வெயிலில் சிவந்து, தோல் உரிந்து, அதையும் ஒரு அனுபவமாக நோட்டில் எழுதிக்கொண்டாள். அல்வாவை முதல் தடவை சாப்பிட்டபோது, விரலில் ஒட்டிய நெய்யை எங்கே துடைப்பது என்று கேட்டாள். கடைக்காரர் கிழித்த நாளிதழ்த் தாள் ஒன்றை மரியாதையோடு நீட்டினார். அதையும் மடித்துப் பத்திரப்படுத்திக்கொண்டாள்.

குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. ஜெனிவாவில் இருக்கும் ஐ.நா. குழுவுக்கு அரசாங்கம் ஒரு அறிக்கை தரும். அரசாங்கம் சொல்லாமல் விட்டதைச் சங்கங்கள் தனியாக எழுதி அனுப்பலாம். அதற்காகக் குழந்தைகளைச் சந்தித்து அவர்கள் வாய்மொழியாகவே வாங்கி எழுதுவதுதான் எங்கள் இருவர் வேலை.

முதலில் புன்னக்காயலுக்குப் போனோம். ஆறு கடலில் சேருகிற இடத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பிள்ளைகள் எங்களைக் கேள்வி கேட்டே களைக்க வைத்தார்கள். அங்கே ஒரு வரிகூட எழுதாமல், கருவாட்டு வாசனையோடு பஸ் ஏறினோம். பிறகுதான் பேட்டை.

இங்ரிட்டிடம் தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது. சாட்சி சொல்கிற குழந்தையை எப்படிப் பாதுகாப்பது என்ற விதிகள். பெயரை மாற்று, ஊரைச் சொல்லாதே, முகத்தைக் காட்டாதே. அதை என்னிடம் மூன்று தடவை படிக்கச் சொன்னாள். மூன்றாம் தடவை எனக்குக் கோபமே வந்துவிட்டது.

ஜெனிவாவில் நான் சுற்றிய பீடி

மாலை வகுப்பு, பள்ளியை நிறுத்திய பெண்பிள்ளைகளுக்காகச் சங்கம் நடத்தியது. ரஹ்மத் அங்கேதான் கிடைத்தாள். பதின்மூன்று வயது. ஏழாம் வகுப்பு முடிக்கும் சமயத்தில் வயதுக்கு வந்தாள், அதோடு பள்ளி நின்றது. அப்போது அந்தத் தெருக்களில் அதுதான் வழக்கம். வகுப்புக்குக்கூட அடுத்த வீட்டு மாமியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் வருவாள்.

நன்றாகப் பேசுவாள். இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைப்பதிலிருந்து, தூள் நெடியில் தும்மாமல் இருக்க மூச்சை எப்படி விடுவது என்பதுவரை எங்களுக்குச் சொன்னாள். அவள் இடது கையால் சுற்றுவாள். மற்றவர்கள் பீடியில் இலை ஒரு பக்கமாகச் சுருண்டு ஓடினால், இவள் பீடியில் எதிர்ப்பக்கமாக ஓடும். அதையும் அவளே காட்டினாள். நானே பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

சாட்சியத்தில் அவளுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டோம். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"கோமதின்னு போடுங்கக்கா."

அப்படியாக ஜெனிவாவுக்குப் போன காகிதத்தில் பீடி சுற்றுகிறவள் கோமதி, என் பெயர்க்காரி.

அவளுக்கு எட்டாம் வகுப்பு படிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காக நாங்கள் அவள் உம்மாவிடம் நடையாக நடந்தோம். மைதீன் பாத்து என்பது அவர் பெயர். வாப்பா கேரளாவில் டீக்கடையில் வேலை, பெருநாளுக்கு வருவார். சின்னது இரண்டு இருந்தன. உம்மாவும் மகளும் சுற்றுகிற பீடியில்தான் வீடு ஓடியது. பீடிக்கடையின் பாஸ்புக் உம்மா பெயரில் இருந்தது. அது இருந்தால்தான் சேமநிதி, பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரி, சின்னப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை எல்லாம் உண்டு.

"பெரிய பிள்ளைய எப்படிம்மா தெருவுல அனுப்புதது?" என்பார் பாத்தம்மா. அதே தெருவிலிருந்து டவுண் பெண்கள் பள்ளிக்குப் போகும் ஒரு டீச்சரைக் கண்டுபிடித்தோம். அவரோடு போய் அவரோடு திரும்பலாம். கோடை ஆரம்பத்தில் ஒரு நாள் பாத்தம்மா இலை வெட்டுகிற கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, "சரி, சூன்ல பள்ளிக்கூடம் போட்டும்," என்றார். ரஹ்மத் உள்ளறையில் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சின்னக் கூச்சல் கேட்டது.

அந்தச் சந்தோஷத்தில்தான் படம் வந்து சேர்ந்தது. இங்ரிட்டை அனுப்பிய அமைப்பு, அவள் எடுத்த படத்தைச் சுவரொட்டியாக அச்சிட்டு ஒரு உருளையில் அனுப்பியிருந்தது. பேட்டை வகுப்பில் ஒட்டலாம் என்றேன். இங்ரிட் தயங்கினாள்.

"அங்கே ஒட்டுவது ஆபத்தில்லையா?"

"முகமே இல்லையே. யாருக்குத் தெரியும்? இது என் ஊர், எனக்குத் தெரியாதா?"

ஆங்கிலத்தில் சொன்னேன். ஆனால் அதில் இருந்த மிதப்பு சுத்தமான திருநெல்வேலி மிதப்பு.

முகத்தை யார் கேட்டார்கள்

செக்கர் பார்த்துவிட்டுப் போன மூன்றாம் நாள் பாத்தம்மா வகுப்புக்கு வந்தார். அதற்கு முன் அவர் அங்கே வந்ததே இல்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பீடிக்கடையில் பாஸ்புக்கை வாங்கி வைத்துக்கொண்டு, இலை தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

"மூஞ்சி தெரியாமத்தான் எடுக்கோம்னீங்களேம்மா. அவ மூஞ்சிய யாரு கேட்டா? அந்த அண்ணாச்சி எம்மவ மூஞ்சியப் பாத்ததே இல்லியே. கையத்தானம்மா அவருக்குத் தெரியும்!"

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அந்தத் தெருக்களில் பெரிய பிள்ளைகள் கடைக்குப் போக மாட்டார்கள். அவர்கள் சுற்றியதை அம்மாமார் துணி போட்டு மூடிக் கொண்டுபோவார்கள். செக்கர் வருடக்கணக்காகக் கட்டுகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பவர். இது மூத்தவள் சுற்றியது, இது மருமகள் சுற்றியது, இதைச் சுற்றும்போது அவளுக்குக் காய்ச்சல் என்று சொல்லுவார். இடக்கைச் சுற்று இறுக்கமாக இருக்கும் என்று ரஹ்மத் கட்டை அவர் கழித்ததே இல்லையாம்.

அவருக்குத் தெரியாத ஒன்றை நாங்கள் மறைத்தோம். தெரிந்த ஒன்றைப் பெரிதாக்கி, அவர் கடைக்குப் பக்கத்திலேயே ஒட்டினோம். ஒட்டினோம் என்ன, நான்தான் ஒட்டினேன்.

"இனிம ஸ்கூலாவது ஒண்ணாவது," என்று சொல்லிவிட்டு பாத்தம்மா போனார். அன்றைக்கு ரஹ்மத் வகுப்புக்கு வரவில்லை.

படத்தைக் கிழித்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்ததால் சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது.

நான் எழுதிய பொய்

சங்கத்தின் பொறுப்பாளர் ஏதோ கூட்டத்துக்கு டெல்லி போயிருந்தார். தொலைபேசியில் பிடித்தபோது, நான் வரும்வரை எதுவும் செய்யாதீர்கள் என்றார். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. நேரே பீடிக்கடைக்குப் போனேன்.

செக்கர் என்னை உட்காரச் சொன்னார். கெட்ட மனிதர் என்று எழுத ஆசைதான், ஆனால் அவர் அப்படி இல்லை. அவர் குரலிலும் பயம் இருந்தது.

"தாயி, சின்னப் பிள்ள சுத்துததா நோட்டீஸ் போட்டிருக்கீங்க. நாளைக்கு ஆபீசரு வந்து நின்னா என் வேல போவும். நான் என்ன செய்யட்டும்?"

"வேற வழியே இல்லையா அண்ணாச்சி?"

அவர் தாடையைத் தடவிக்கொண்டு பைய யோசித்தார். "படத்துல இருக்கது என் கைதான், எம்மவ பீடி தொட்டதில்லன்னு அந்தம்மா எழுதிக் குடுக்கட்டும். மேல காட்டி புக்க வாங்கித் தாரேன். ஆனா ஒண்ணு. இனிம இடக்கைச் சுத்து ஒண்ணே ஒண்ணு வந்தாலும் புக்கு போயிரும்."

சங்கத்துக்குத் திரும்பி இங்ரிட்டிடம் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடிவைத்தாள். ரஹ்மத் சொன்ன சாட்சியம் ஏற்கெனவே ஜெனிவாவுக்குப் போய்விட்டது. இப்போது அவள் அம்மாவே அது பொய் என்று எழுதினால், அந்தப் பிள்ளையைப் பொய்க்காரி ஆக்குவதாகாதா என்று கேட்டாள். பிறகு இன்னொன்றும் கேட்டாள்.

"ரஹ்மத்தைக் கேட்டாயா?"

உடன்படிக்கையில் பன்னிரண்டாம் பிரிவு அதுதான். குழந்தையைப் பாதிக்கிற விஷயத்தில் குழந்தையின் பேச்சைக் கேட்க வேண்டும். எங்கள் அறையில் அதைச் சிவப்பு மையில் எழுதி மாட்டியிருந்தோம்.

"கேட்க நேரமில்லை," என்று கத்தினேன். "கோடை முடிந்தால் நீ விமானம் ஏறிவிடுவாய். அவர்கள் வீட்டில் நாளைக்கு உலை வைக்க வேண்டும்."

அவள் மாடிக்குப் போய்விட்டாள். அவள் வாயை அடைத்துவிட்டேன் என்று ஒரு வாரம் எனக்கு உள்ளூரப் பெருமை. இப்போது நினைத்தால் அந்தப் பெருமைதான் அதிகம் கூசுகிறது.

காகிதத்தை நானே எழுதினேன். சட்டம் படித்ததற்கு அன்றைக்குத்தான் முதல் பயன். 'மேற்படி படத்தில் காணப்படும் கைகள் என்னுடையவையே என்றும்' என்று ஜோராக ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதினேன். பாத்தம்மா கைநாட்டு வைத்தார். அவர் விரல்கள் தடித்து, நுனியில் புகையிலைக் கறை ஏறியிருந்தன. படத்தில் இருந்த பிஞ்சு விரல்கள் அவருடையவை என்று குருடன்கூட நம்ப மாட்டான்.

கதவுக்குப் பின்னாலிருந்து ரஹ்மத் கேட்டாள்.

"அது எங்கை இல்லன்னு எழுதிட்டீங்களாக்கா?"

"உனக்காகத்தான் ரஹ்மத்து."

அவள் உள்ளே போய்விட்டாள்.

பாஸ்புக் திரும்பி வந்தது. எனக்கு அதில் ஒரு பெரிய தந்திரம் பலித்துவிட்டதாகவே தோன்றியது. இனி இடக்கைச் சுற்று அந்தக் கடைக்குப் போக முடியாது. அப்படியென்றால் ரஹ்மத் பீடி சுற்ற முடியாது. அப்புறம் பள்ளிக்குப் போகாமல் என்ன செய்வாள்? பாத்தம்மாவிடம் கேட்டேன். "போட்டும், போட்டும்," என்றார். இங்ரிட்டிடம் இதைச் சொல்லி, பார்த்தாயா என்பது போல் நின்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். நம்பிக்கையோடுதான் மே கடைசியில் ரயில் ஏறினாள். ரஹ்மத் பள்ளியில் சேர்ந்ததும் எழுது என்று, முகவரி எழுதி ஸ்டாம்பும் ஒட்டிய உறை ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஜூன்

பள்ளி திறந்து பத்து நாள் இருக்கும். குற்றாலத்தில் சீசன் தொடங்கி, பேட்டைவரை குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது. வழியில் அந்த டீச்சரைப் பார்த்தேன். ரஹ்மத் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டேன். "அவ வரவே இல்லியே," என்றார்.

அங்கிருந்து ஓட்டமும் நடையுமாகப் போனேன். பாத்தம்மா வீட்டில் இல்லை. உள்ளறையில், மேலே கண்ணாடி ஓடு பதித்த இடத்துக்குக் கீழே ரஹ்மத் சொளவோடு உட்கார்ந்திருந்தாள். இடது கைக் கட்டைவிரலில் துணி சுற்றி நூலால் கட்டியிருந்தது.

"விரல்ல என்ன? வெட்டிக்கிட்டியா?"

"இல்லக்கா. கட்டலன்னா அதுவே முந்திக்கிட்டு வருது."

அவள் வலது கையால் சுற்றிக்கொண்டிருந்தாள். இலையை வைத்து, தூளைத் தூவி, வலது கைக் கட்டைவிரலால் உருட்டினாள். பாதியில் இலை நழுவியது. நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடியும் உருட்டினாள். பக்கத்தில் பிரிந்துபோன இலைகள் ஒரு சின்னக் குவியலாகக் கிடந்தன.

"பள்ளிக்கூடம்?"

"உம்மா ஒத்தையில சுத்தி முடியலக்கா. பெருநாள் வேற வருது. கை நல்லாப் பழகிட்டா வேகம் வந்துரும். அப்பொறம் போயிருவேன்."

"உம்மா இப்படிச் சுத்தச் சொன்னாங்களா?"

"இல்லக்கா. நானாத்தான் யோசிச்சேன்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் எழுந்து போய், மூலையில் மூடி வைத்திருந்த ஒரு தட்டிலிருந்து இரண்டு பீடிகளை எடுத்துவந்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதுல ஒண்ணு உம்மா சுத்துனது. ஒண்ணு நான். எது எங்கைன்னு சொல்லுங்க பாப்போம்."

வெளிச்சத்தில் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டிலும் இலை ஒரே பக்கமாக ஓடியது. இறுக்கமும் ஒன்றுபோல இருந்தது.

"தெரியலையே ரஹ்மத்து."

"செக்கர் அண்ணாச்சிக்கே தெரியலக்கா! நேத்து உம்மா கொண்டு போனாங்க. ஒரு வார்த்த சொல்லல."

அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எங்களுக்கு வராத ஒன்றை, விதித்தாளில் இல்லாத ஒன்றை, அவளே தனியாக உட்கார்ந்து செய்து முடித்திருந்தாள். இனி அவளை யாரும் கண்டுபிடிக்க முடியாது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்தேன், நிற்கவில்லை.

இங்ரிட்டின் உறை ரொம்ப நாள் என்னிடமே இருந்தது. இதை நான் அவளுக்கு எழுதவே இல்லை. இத்தனை வருடம் கழித்து உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

நான் ஏன் அழுகிறேன் என்று ரஹ்மத்துக்குப் புரியவில்லை. என் கையிலிருந்து தன் பீடியை எடுத்து, கண்ணருகே வைத்து, அக்கறையாகப் பார்த்தாள்.

"நல்லா இல்லியாக்கா?"

"நல்லா இருக்கு," என்றேன்.